ஆலங்குடி ரக்பி கிளப்பின் முதல் ஆட்டம்

துபாயிலிருந்து திரும்பிய நிலவழகன் கொண்டுவந்த சரக்கு ஒரு ரக்பி பந்து. தைலமும் போர்வையும் எதிர்பார்த்த சொந்தக்காரர்கள் அந்த நீள்வட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அமுங்கிப்போச்சா?" என்றார்கள். அங்கே வெள்ளிதோறும் கம்பெனி ஆட்களோடு அவன் மண்ணில் புரண்டிருக்கிறான். விழுந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். ஊரில் அம்மா போன பிறகு அவன் சாப்பிட்டானா என்று கேட்கவும் ஆளில்லை.

ஆலங்குடியில் பாய்ந்து பிடிக்கத் தெரிந்தவர்கள் யார்? ஜல்லிக்கட்டுக்காரர்கள். சீசன் முடிந்து தோள் தினவெடுத்துக் கிடந்த மாடுபிடிக்காரன் அடைக்கலம், தன்னைப் போன்ற இன்னும் ஐந்து பேரைக் கூட்டிவந்தான். நிலவழகனோடு ஏழு பேர்; ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு அது போதும் என்பதால் கிளப் பிறந்தது. நிலவழகன் எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்றார்கள். பேரமே பேசாமல் வருகிற சரியை நம்பக் கூடாது என்பது வியாபாரம் பண்ணியவனுக்குத் தெரியும், நிலவழகனுக்குத் தெரியவில்லை. இவர்களும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளிருக்காது என்பது மட்டும் தெரியும்.

திருச்சியிலிருந்து ஓர் அணி வந்தது. நிலவழகன் பந்தோடு ஓடினான். திருச்சிக்காரன் ஒருவன் அவன் இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். ரக்பியில் விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும், அவன் ஆட்கள் ஓடிவந்து மேலே நின்று அதைக் காக்க வேண்டும். திரும்பிப் பார்த்தான். ஆறு பேரும் கைகட்டி, மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.

"விடாதீங்கண்ணே! தனியாவே பாத்துக்குவீங்க!" என்று கத்தினான் அடைக்கலம்.

திருச்சிக்காரர்கள் நிலவழகனைத் தாண்டிப் பந்தை எடுத்துப் போனார்கள். ஆட்டம் முழுக்க இதே கூத்துதான்.

"ஏன்டா ஒருத்தனும் வரல?" என்று ஆட்டம் முடிந்ததும் அடைக்கலத்தைக் கேட்டான் நிலவழகன்.

"ஒரு ஆளு மாட்ட அணைஞ்சிருக்கையில இன்னொருத்தன் கைய வச்சா அசிங்கம்ணே. வாடிவாசல்ல வெரட்டி விட்டுருவாய்ங்க."

"இது மாடு இல்லடா."

"மனுசன்னா இன்னும் அசிங்கம்ணே."

தோற்றது பெரிய தோல்வி. அடுத்த ஞாயிறு, பயிற்சி நடக்கும் பொட்டலில் நிலவழகனைத் தவிர ஆளே இல்லை. வெயில் ஏறும்வரை அவனே பந்தை உதைத்தான், அவனே போய் எடுத்துவந்தான். முந்திரித் தோப்புப் பக்கம் ஆடு மேய்த்த கிழவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது.

கிளம்பலாம் என்றிருந்தபோது அடைக்கலத்தின் பைக் வந்தது. அவன் இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்ணே. நாலு பேரு சேந்து பந்தக் காப்பாத்துனா, ஜல்லிக்கட்டு மாதிரி மைக்குல யாரு பேரச் சொல்லுவாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சரக்கை விற்கிறவன் அப்படித்தான் செய்வான்.

"யாரு பேரும் சொல்ல மாட்டாங்கடா."

"பரிசா கட்டிலு, அண்டா?"

"ஒண்ணும் கெடையாது."

அடைக்கலம் சாவியைத் திருகி பைக்கை அணைத்துவிட்டு இறங்கினான்.

"விழுந்து காட்டுங்க. எங்கிட்டு நிக்கணும்னு பாக்குறேன்."

தள்ளுவதற்கு யாருமில்லாமல் நிலவழகன் தானாகவே விழுந்தான். பந்தைப் பின்பக்கம் வைத்துவிட்டு, கன்னத்தை மண்ணில் பதித்துக் காத்திருந்தான். சூடான மண். செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு கால்கள் அவனைத் தாண்டி வந்து, பந்துக்கு மேலே அகன்று நின்றன.

"இங்கிட்டாண்ணே?"

"இன்னும் குனிடா," என்றான் நிலவழகன், எழுந்திருக்காமல்.