ஹல்லர்ஸ் வாசிக்க அரைபட்ட பதினெட்டு மூட்டை

1

1979ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லால்குடியில், எங்கள் ராக் கச்சேரி நடந்த இரண்டு மணி நேரத்தில் பதினெட்டு மூட்டை நெல் அரிசியாகி வெளியே வந்தது. தவிடு தனி. உலகத்தில் வேறு எந்த ராக் குழுவாவது வாசித்து ஒரு படி அரிசி விழுந்திருக்கிறதா, விசாரித்துப் பாருங்கள்.

நம்ப வேண்டாம். இதுவரை யாரும் நம்பியதில்லை. இந்தக் கதை பிறந்ததே அதனால்தான். போன மே மாதம் பாலக்கரையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் பக்கத்து இலைக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாயசத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த சகாயநாதன், எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த அதே சகாயநாதன், அப்பளத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே வார்த்தை சொன்னார்: "பொய்." பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறுகிறவன்கூட ரசவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

ஒப்புக்கொள்கிறேன், தபால் ஆபீசிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்ற இந்த அமிர்தராஜுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. காவேரி வெள்ளத்தில் தந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப் போய்க் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். (நடந்துதான் போனேன். பாலம் இருந்தது.) ஆனால் நெல் அரைபட்டது நிஜம். என் வாயிலிருந்து வந்த மொத்த நிஜமே அந்த ஒன்றுதான் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போய்விட்டால் எனக்கு மிச்சம் என்ன?

சாட்சிக்கு ஆள் இல்லை. லீட் கிட்டார் அற்புதசாமி இறந்துவிட்டார். மில்லை நடத்திய மயிலம்மாள் அக்கா போய் ஐந்து வருஷமாகிறது. அவர் தம்பி அழகர்சாமி, எங்கள் பேஸ் கிட்டார், இருக்கிறார், காதுதான் போய்விட்டது. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார்.

"அன்னைக்கு மில்லு ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு, ஓடுச்சு."

"யானை வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு."

ஆக, மிச்சம் சகாயநாதன். அவர் வாயால் ஒரு 'ஆமாம்' வாங்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இலக்கியம், கலைச்சேவை என்றெல்லாம் நீங்கள் நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

2

தொடக்கம் ஒன்று: காவேரிக் கரையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்த வேளையில், கையில் கிட்டாரும் கண்ணில் கனவுமாக நான்கு இளைஞர்கள்

[நிறுத்து. இளைஞர்கள் யார்? 1974இல் எனக்கு வயது நாற்பத்து நாலு. சகாயநாதனுக்கு நாற்பத்தைந்து. அற்புதசாமிக்கு மூட்டு வலி.]

தொடக்கம் இரண்டு: ராக் இசையின் வேர்களை ஆராயப் புகுந்தால்

[புகுந்து இரண்டு நாளாகிறது. வெளியே வர வழி தெரியவில்லை.]

தொடக்கம் மூன்று, உள்ளது உள்ளபடி: பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அற்புதசாமியின் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை விட்டுவிட்டுப் போனது. அற்புதசாமி அதைத் துடைத்து, செருகி, ஒரு கம்பியைத் தட்டினார். தெருவில் நாய்கள் ஊளையிட்டன. சர்ச் பாடல் குழுவில் இருபது வருஷம் பணிவாகப் பாடிய மனிதர் அன்றைக்கே கெட்டுப்போனார். மறுநாள் என்னைக் கெடுத்தார். நான் சகாயநாதனைக் கெடுத்தேன். கணக்கு வாத்தியார், தாளம் தப்பமாட்டார் என்று நம்பினோம். என்னோடு தபால் ஆபீசில் வேலை பார்த்த அழகர்சாமி தானாகவே வந்து கெட்டார்.

அடுத்தவர் பாட்டை வாசிப்பதில்லை, எல்லாம் சொந்தப் பாட்டு என்று முதல் நாளே முடிவு செய்தோம். பெருமைக்கு அல்ல. அடுத்தவர் பாட்டு எங்களுக்கு வரவில்லை.

3

இனி மில். இதைப் புரிந்துகொண்டால் எங்கள் சரித்திரமே புரிந்துவிடும்.

பாலக்கரையில் எங்கே ஒத்திகை பார்த்தாலும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள், ரசிக்க அல்ல. அழகர்சாமிதான் லால்குடிக்கு அழைத்துப் போனார். அவருடைய அக்கா மயிலம்மாள் அங்கே நெல் அரைக்கும் மில் வைத்திருந்தார். நெல்லின் தோலை உரிக்கும் ஹல்லர் ஒன்று. அதை ஓட்ட ஆளுயரச் சக்கரம் வைத்த பழைய ஆயில் எஞ்சின் ஒன்று. கரண்டு விளக்குக்கு மட்டும் இருந்தது; எங்கள் கிட்டார்களுக்கு அது போதும். அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசிங்க, வேணாங்கல. மில்லு ஓடுறப்ப மட்டும் வாசிங்க. நிறுத்துனப்புறம் வாசிச்சீங்கன்னா ஊருக்குக் கேட்டுரும். நான் இந்த ஊர்ல குடியிருக்கணும்ல?"

அப்படியே செய்தோம். ஞாயிறு தவறாமல், காலைப் பூசை முடிந்ததும், பாசஞ்சர் ரயிலில் டிரம்மை ஏற்றிக்கொண்டு போவோம். டக்... டக்... டக் என்று எஞ்சின் ஓடும், நாங்கள் வாசிப்போம். குழுவுக்கு 'தி ஹல்லர்ஸ்' என்று பெயர் வைத்தோம். லண்டன் பெயர் மாதிரி இருக்கிறது என்று திருச்சியில் மிரண்டார்கள்.

ஐந்து வருஷம் அப்படி வாசித்ததில் ஒன்று நடந்துபோயிற்று. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரி விழாவில் முதல் முறையாக மில் இல்லாமல் மேடை ஏறினோம். 'கேட் போட்டாச்சு' என்று ஒரு பாட்டு. லெவல் கிராசிங்கில் காத்து நிற்கிறவன் பாடுவது. நிதானமாக நாலு நிமிஷம். அன்றைக்கு இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கேட் திறப்பதற்குள் ஆள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். சகாயநாதனின் டிரம் கிளம்பிய வேகத்தில் நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி பின்னால் ஓடினோம். எஞ்சின் இல்லாமல் அவருக்குத் தாளம்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காரணம் அடுத்த பகுதியில்.]

4

எழுதியவரைக்கும் எடுத்துக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். சகாயநாதன் இப்போது மேலூர் ரோட்டில் குடியிருக்கிறார். சிவப்பு மையோடு உட்கார்ந்தார். பழக்கம் விடுமா?

ஓரக்குறிப்பு*: "அந்த ஹல்லரில் மணிக்கு நாலு மூட்டைக்கு மேல் அரைபடாது. இரண்டு மணி நேரத்துக்கு எட்டு. மில் ஓடவே இல்லை என்பதால் பூஜ்யம்."

(* எட்டு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.)

"யோவ் அமிர்து, முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன்யா நான். எனக்கு ஒண்ணு ரெண்டு மூணு நாலு எண்ணத் தெரியாதா?"

"எண்ணத் தெரியும். எண்ணிக்கிட்டே அடிக்கத்தான்..."

"எந்திரி. வெளிய போ."

உள்ளேயிருந்து அவர் மனைவி இருதயமேரி குரல் கொடுத்தார். "காபி கலந்துட்டேங்க. அண்ணன் குடிச்சிரட்டும், அப்புறம் விரட்டுங்க."

குடித்துக்கொண்டே யோசித்தேன். இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதையில் வருகிற சகாயநாதன் வெறும் பிடிவாதக்காரராக இருக்கிறார். நேரில் உட்கார்ந்திருக்கிறவர் சிவப்புப் பேனாவின் மூடியை மூடத் தெரியாமல் நாலு தடவை தப்பவிட்டார்.

5

அன்றைக்கு நடந்தது இது. மூட்டை எண்ணிக்கையைத் தவிர எதையும் கூட்டவில்லை.

மெட்ராசிலிருந்து ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். கறுப்பு கோட்டு. நன்றாக இருந்தால் ரிக்கார்டு போடுவதாகப் பேச்சு. திருச்சியில் பட்டது போதும் என்று அவரை லால்குடிக்கே வரவழைத்திருந்தோம். அறுவடைக் காலம்; மில் வாசலில் மாட்டுவண்டிகள், மூட்டைகள், ஜனங்கள். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க. எனக்குப் பாட்டு கேக்கணும்."

நாங்கள் மூன்று பேரும் சகாயநாதனைப் பார்த்தோம். "நிறுத்துங்க, அதனாலென்ன?" என்றார் அவர்.

அக்கா எஞ்சினை நிறுத்தினார். முதல் பாட்டு அதே 'கேட் போட்டாச்சு'; கல்லூரியில் போலவே இங்கும் கேட் திறக்குமுன் முடிந்தது. இரண்டாவது பாட்டில் குச்சி கையைவிட்டுப் பறந்து ஒரு மாட்டின் மேல் விழுந்தது. கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சகாயநாதன் மிச்சமிருந்த குச்சியால் தன் முழங்காலில் தட்டித் தட்டித் தாளத்தைத் தேடினார். அதைப் பார்த்தது நான் மட்டும் என்று நினைத்தேன்.

மயிலம்மாள் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். டக். டக்... டக். கம்பெனிக்காரர் கத்தினார்.

"நீங்க பாட்டு கேக்க வந்தீங்க. இவங்க நெல்லு அரைக்க வந்தாங்க," என்றார் அக்கா, ஜன்னல் வழியாக. "ரெண்டும் நடக்கட்டுமே சார், யாருக்கென்ன நட்டம்? சும்மா ஓடுனா ஹல்லர் தேஞ்சிரும். ஏ, மூட்டைய அவுருங்க!"

சகாயநாதனின் கை நின்றது. பிறகு எஞ்சினோடு சேர்ந்து விழுந்தது. இரண்டு மணி நேரம் வாசித்தோம். அரிசி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் கம்பெனிக்காரரின் கறுப்பு கோட்டு முழுக்கத் தவிடு. எழுந்து அதைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "பிரமாதம். ஆனா மில்ல மெட்ராசுக்குக் கொண்டு வர முடியுமா?"

முடியாது என்றோம். போய்விட்டார். இரண்டு வருஷத்தில் மில்லுக்கு மின்சார மோட்டார் வந்தது. மோட்டார் 'உய்' என்று ஒரே சீராகக் கத்தும். அதில் தாளம் கிடையாது. மற்றக் குழுக்கள் குடியால் கலையும், காதலால் கலையும். நாங்கள் கரண்டு கனெக்ஷனால் கலைந்தோம்.

6

இதையும் கொண்டுபோனேன். சகாயநாதன் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும்போது இருதயமேரி வாசல் கேட் வரைக்கும் வந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அந்தக் கல்யாணத்துலேர்ந்து இவரு சரியா தூங்கல. மேஜையத் தட்டுறாரு, நிறுத்துறாரு, மறுபடி தட்டுறாரு. பந்தியில உங்களப் பார்த்துதான் சிரிச்சாங்க. நீங்க சொன்னது நிஜம்னு ஆச்சுன்னா யாரப் பார்த்துண்ணே சிரிப்பாங்க?"

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

எனவே, வாசகர்களே, மூன்று முடிவுகள் தருகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) எங்கள் ரிக்கார்டு வெளியாகி, லண்டனில் வரிசையில் நின்று வாங்கினார்கள். (நானே நம்பவில்லை.)

ஆ) சகாயநாதன் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் உண்மையைச் சொல்ல, சாமியார் தும்மலை அடக்குவது போல் சிரிப்பை அடக்கினார். (இதை எழுதினால் எனக்குத்தான் பாவம்.)

இ) மில் ஓடவில்லை. ஒரு மணி நெல்கூட அரைபடவில்லை. அன்றைக்கு லால்குடி மில் வாசலில், சகாயநாதன் தன்னந்தனியாக, ஒரு அடி பிசகாமல் இரண்டு மணி நேரம் தாளம் காத்தார். சுவர்க்கடிகாரங்கள் அவரைப் பார்த்து நேரம் திருத்திக்கொண்டன. நெல் அரைபட்டதாக அமிர்தராஜ் சொல்வது வழக்கமான புளுகு.

மூன்றாவதைத்தான் நல்ல தாளில் பிரதி எடுத்தேன். அறுபதை நெருங்குகிற வயதில் என் வாழ்க்கையின் ஒரே நிஜத்தை நானே பொய் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இத்தனை பொய் சொன்னவனுக்கு இன்னொன்று சிரமமா என்று கேட்பீர்கள். சிரமமாகத்தான் இருந்தது.

7

நீங்கள் கையில் எடுத்த முடிவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

சகாயநாதன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

"அக்கா எங்கய்யா?"

"எந்த அக்கா?"

"மயிலக்காய்யா. இதுல எங்கயுமே காணோமே."

"மில்லுதான் ஓடலையே. மில்லு ஓடலேன்னா அவங்களுக்கு அங்க என்ன வேலை? எடுத்துட்டேன்."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அக்கா அங்கே இருப்பார் போல. உள்ளே இருதயமேரி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"அவங்க இல்லாம எப்படிய்யா?" என்றார் சகாயநாதன். "எடுத்து எழுது. நான் சொல்றேன்."

எழுதினேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"கடைசிப் பாட்டுல எனக்குச் சந்தோசம் தாங்கல. வேகமெடுத்துட்டேன். எஞ்சினை விட்டுட்டு முன்னால ஓடிட்டேன். போச்சு, இன்னைக்கும் போச்சுன்னு ஜன்னலப் பார்த்தேன். அக்கா எஞ்சின் பக்கத்துல நின்னுக்கிட்டு என் காலையே பார்த்துட்டு இருந்தாங்க. நான் டிரம்ம மிதிக்கிறதப் பார்த்துப் பார்த்து, அந்த வேகம் வைக்கிற திருகக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்புனாங்க. எஞ்சின் என் பின்னாலயே வந்துச்சுய்யா. அந்த ஒரு பாட்டு முழுக்க மில்லு எனக்குத் தாளம் போட்டுச்சு. உங்க மூணு பேருக்கும் தெரியாது. நீங்க பாட்டுக்கு வாசிச்சீங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். பதினைந்து வருஷமாக இந்தக் குழுவைப் பற்றி நான் அளந்துவிட்டதில் இதன் பக்கத்தில்கூட எதுவும் வராது. பொறாமையாக இருந்தது.

"யோவ் சகாயம்," என்றேன், "இத எழுதுனா எவன்யா நம்புவான்? எனக்கே நம்பிக்கை வரல. நிஜமாவா?"

சகாயநாதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நம்பாட்டி போறாங்க. மில்லு ஓடுச்சுய்யா. நடந்துச்சு."