மூன்றடி நாலங்குலம்

வழக்கு பதிவான திங்கட்கிழமையோடு தையல்காரியின் மகள் வளர்வதை நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு நாலரை வயது, உயரம் மூன்றடி நாலங்குலம். பசி, தூக்கம், பேச்சு எதிலும் குறைவில்லை. புத்தி வயதுக்குத் தக்கபடி ஏறிக்கொண்டே போனதால், பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் வகுப்பை உயர்த்தி, பெஞ்சின் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்தார்கள். குழந்தை அம்மாவிடம் இருப்பதா, அப்பாவிடமா என்பதுதான் வழக்கு. நாலு வருஷத்தில் முப்பத்தொரு வாய்தா. ஒருநாள் நீதிபதி விடுப்பு, ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், ஒருநாள் கேஸ் கட்டே காணோம் என்றார்கள்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? "மிஷினுக்கு எண்ணெய் விடத் தெரியுது, புள்ளைக்குச் சோறு போடத் தெரியலையா?" என்று தெருவில் வைத்தே கேட்டாள். அடுத்த வாய்தாவில் அந்தப் பேச்சு சட்ட பாஷை உடுத்திக்கொண்டு அப்பாவின் மனுவில் வந்து உட்கார்ந்தது. அம்மா கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள்: ஆறு மாசத்துக்கு ஒருமுறை மகளின் கவுனை ஓர் அங்குலம் குட்டையாகத் தைத்தாள். பார்க்கிறவர்கள், பிள்ளை மளமளவென்று வளர்கிறாள், துணிதான் பற்றவில்லை என்றார்கள்.

இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தோள்பட்டை அப்படியே நிக்குது, விளிம்பு மட்டும் ஏறுது. யாரை ஏமாத்துறே?"

"உண்மையச் சொன்னா புள்ளையத் தூக்கிக் குடுத்துடுவாங்களே, மேடம்."

"பொய்யில மாட்டினா நிச்சயமாக் குடுத்துடுவாங்க. அவங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நாமளே எழுதிக் குடுத்துடுவோம்."

மகள் வளரவில்லை என்றும் கவுனைக் குறைத்தது தானே என்றும் எழுதிய பிரமாணப் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். குழந்தைக்கு ஒரு நோயுமில்லை என்ற டாக்டர் சான்றிதழைச் சேர்த்து, பிள்ளையிடம் தனியாகப் பேசும்படி நீதிபதியைக் கேட்டுக்கொண்டார் வக்கீலம்மா.

நீதிபதி அதை விலைப்பட்டியல் மாதிரிப் படித்தார். குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஏம்மா வளரலே என்று விசாரித்தார். வெளியே பெஞ்சில் அம்மா ஒரு கைக்குட்டையின் ஓரத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக முப்பத்தைந்து நிமிஷம் இருந்தாள். இனி தன்னிடம் பிள்ளையைத் தரமாட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டாள். பிறகு நீதிபதி அம்மாவையும் அப்பாவையும் உள்ளே அழைத்து, தன்னிடம் சொன்னதை இன்னொரு தரம் சொல்லும்படி பிள்ளையிடம் சொன்னார்.

"எந்த வீட்டுக்கு வளரணும்னு நீங்க யாரும் சொல்லவே இல்லையே."

நீதிபதி முப்பத்திரண்டாவது வாய்தா தரவில்லை. மத்தியானமே உத்தரவு வந்தது: குழந்தை அம்மாவிடம், ஞாயிறும் பாதி விடுமுறையும் அப்பாவிடம்.

படியிறங்கும்போதே பிள்ளைக்குச் செருப்பு கடித்தது. அப்பா குனிந்து வாரைத் தளர்த்திவிட்டுப் போனார். பஸ்ஸில் கண்டக்டர், காலையில் இதே பிள்ளையை டிக்கெட் இல்லாமல் ஏற்றி வந்தவர்தான், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு அரை டிக்கெட் எடுக்கணும்மா."

அம்மா எடுத்தாள்.