முட்டாள்தனம் என் பொறுப்பு

"இந்த இடத்துல சிரிக்கணும் ஹொத்தா. போன தடவையும் லேட்டாத்தான் சிரிச்சே" என்றார் இபுகி.

ஹொத்தா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். கசப்பு மருந்து குடித்த குழந்தை முகம் மாதிரி இருந்தது. இபுகி பெருமூச்சு விட்டார். "சரி, வியாழக்கிழமைக்குள்ள வீட்ல பழகிட்டு வா. அடுத்து, யாரும் எதிர்பாராத யோசனை. குமே, எழுந்திரு."

குமே நான்தான். மழைக்குப் பேர்போன கனசாவா ஊரில் குடை செய்யும் கம்பெனியில், புதுப்பொருள் பிரிவில் வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தலைவர் இபுகி, நான், எங்கள் இருவருக்கும் இளையவளான ஹொத்தா, மூன்றே பேர். நகோயா தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் தோதானி வியாழக்கிழமை வருகிறார். எங்களுக்குப் புதிதாக யோசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியவில்லை என்றால் பிரிவை மூடிவிட்டு எங்களை நகோயாவுக்கு மாற்றிவிடுவார்கள். அவர் கேட்டது ஒரு கட்டற்ற யோசனைக் கூட்டம். யாருக்கு எது தோன்றுகிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. சொன்னது எதுவானாலும் தலைவர் பலகையில் எழுத வேண்டும். தோதானி ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்.

இதைக் கேட்டதும், எங்கள் நாட்டில் எந்தத் தலைவரும் செய்வதைத்தான் இபுகியும் செய்தார். ஒவ்வொரு மேசையாக வந்து, யாருக்கு என்ன தோன்றப் போகிறது என்று முன்கூட்டியே பேசி முடித்தார். பேசி முடிக்காத விஷயத்தைக் கூட்டத்தில் எடுப்பது எங்களுக்குக் கால்சட்டை போடாமல் வேலைக்கு வருவது போல. ஆகவே கட்டற்ற யோசனைக்கு ஒத்திகை நடந்தது. நடுநடுவே யோசிப்பது போல மோவாயைத் தடவ வேண்டிய இடங்களைக்கூட இபுகி குறித்துக் கொடுத்திருந்தார்.

இது சம்பந்தமாக அவர் ஒரு புத்தகமும் படித்திருந்தார். நல்ல கூட்டத்தில் யாராவது ஒருவர் வெட்கமில்லாமல் ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டுமாம். சுதந்திரமாக யோசிக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

"அதை நீ பார்த்துக்கோ குமே. உனக்கு முகமும் ஒத்துழைக்கும்."

நான் மறுக்கவில்லை. இத்தனை வருடமாகக் குடைப்பிடியின் வளைவை அளந்துகொண்டிருந்தவன் நான். யோசனை என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முட்டாள்தனம் சுலபமாக வரும் என்றுதான் நினைத்தேன்.

முதல் ஒத்திகையில் இதைச் சொன்னேன். கடை வாசலில் வைத்த குடையை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், எனக்கே அப்படிப் போயிருக்கிறது, அதனால் யாருக்கும் எடுக்க மனசு வராத அளவுக்கு அசிங்கமான குடை ஒன்றைச் செய்யலாம். ஹொத்தா சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிக்கவில்லை. இபுகி பேனாவைக் கடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குமே, இது முட்டாள்தனம் இல்லையே."

"இல்லையா?"

"நல்லாவே இருக்கு. முதல் யோசனை தலைவர்கிட்டேருந்து வந்தாத்தான் மரியாதை. இதை நான் எடுத்துக்கறேன். நீ வேற கொண்டு வா."

அடுத்ததாக, கைப்பிடிக் கம்பி நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கும் குடையைக் கொண்டு போனேன். ஒற்றைக் குடையில் இரண்டு பேர் போனால் கம்பி நடுவே வந்து இடிக்கிறது, வெளித்தோள் நனைகிறது என்பதற்காக. பிடித்தால் சாய்ந்து விழும், அதனால் நிச்சயம் முட்டாள்தனம் என்று நம்பினேன். இபுகி அதை ஹொத்தாவுக்குக் கொடுத்துவிட்டார். "மன்னிச்சிடுங்க குமே-சான், நானா கேட்கல" என்று அவள் மூன்று முறை குனிந்தாள். அடுத்து, காற்றடித்தால் தானே தலைகீழாக மடங்கி, காற்று நின்றதும் தானே திரும்பி வரும் குடை. அதையும் இபுகியே எடுத்துக்கொண்டார், தலைவருக்கு இரண்டாவது இருக்க வேண்டும் என்று.

"உருப்படியா ஒரு முட்டாள்தனம் சொல்லத் தெரியலையே உனக்கு! ஆளைப் பார்த்து ஏமாந்துட்டேன்" என்று திட்டு வேறு விழுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக என் யோசனைகள் செல்லுபடியாகின. சந்தோஷப்படத்தான் முடியவில்லை. புதன்கிழமை வந்தும் கையில் ஒன்றுமில்லை. நான் நிற்கும்போது கூட்டம் கவிழ்ந்தால் பிரிவே கவிழ்ந்துவிடும்.

என் மனைவி கிவா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மேலே வீடு. அன்று சாயங்காலம் கடைசி வாடிக்கையாளர் போனதும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினாள். இயக்குநர் முன்னால் ஒழுங்காகத் தெரிய வேண்டுமாம். கல்யாணமான நாளிலிருந்து வேறு யாரும் என் தலையில் கத்தரி வைத்ததில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கத்தரி என் காதைத் தொட்டுவிட்டுப் போனது.

"ஏங்க, வீட்ல தினமும் வாரி வழங்கறீங்களே, அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போங்களேன்."

"விளையாடாதே. மூடிட்டா நகோயாதான். கம்பெனி விடுதில தனி ரூம். மாசத்துக்கு ஒரு தடவை வந்து போகலாம்."

"கடையை விட்டுட்டு நான் வரமுடியாது."

"தெரியும்."

கத்தரி நின்றது. கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, குனிந்திருந்தாள். "நகோயாக்காரன் உங்க சுழியைப் பார்த்தா பயந்துடுவான். அது எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். போக எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை.

வியாழக்கிழமை நல்ல மழை. தோதானி குடையில்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தார், நகோயாவில் வெயிலாம். நிலையத்திலிருந்து டாக்சி, டாக்சியிலிருந்து எங்கள் கூரைக்கு அடியில். கோட்டில் ஒரு பொட்டு ஈரமில்லை. வாசல் குடைத்தாங்கியில் இபுகி செய்யவைத்த அசிங்கக் குடை மட்டும் நின்றது. பேதி மஞ்சளில் பழுப்புத் திட்டுகள். அது பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்று மற்ற எல்லாக் குடைகளையும் அவர் பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருந்தார்.

கூட்டம் அட்சரம் பிசகாமல் நடந்தது. இபுகிக்குத் திடீரென்று அசிங்கக் குடை தோன்றியது. ஹொத்தாவுக்கு ஓரக்கம்பி தோன்றியது. இருவரும் குறித்த இடத்தில் மோவாயைத் தடவினார்கள். தோதானி தலையாட்டியபடியே கொட்டாவியை மூக்கு வழியாக விட்டார். எத்தனை கிளைகளில் இதே மாதிரி கட்டற்ற கூட்டங்களைப் பார்த்திருப்பாரோ பாவம். இபுகிக்கு இரண்டாவது முறையும் தோன்றி முடிந்தது. என் முறை.

எழுந்தேன். தலைக்குள் ஒன்றுமில்லை. கழுத்துப்பட்டைக்குள் நேற்று வெட்டிய முடித்துணுக்கு ஒன்று குத்திக்கொண்டிருந்தது. ஜன்னலில் மழை. தோதானியின் காய்ந்த தோள்களைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்துவிட்டேன்.

"எங்களை நகோயாவுக்குக் கூப்பிடறதுக்குப் பதிலா, தலைமை அலுவலகம் இங்க வந்துடலாம்."

நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அங்க ரயில்லேருந்து இறங்கினா தரைக்கடியிலேயே நடந்து ஆபீசுக்கு வந்துடலாம்னு சொல்றாங்க. நனையாதவங்க எப்படிக் குடை செய்ய முடியும்? இங்க வாங்க. தினமும் நனையலாம்."

என் யோசனை முடிந்ததும் சிரிக்க வேண்டும் என்பது ஹொத்தாவுக்குப் பாடம். முதல் முறையாகச் சரியான நேரத்தில், கணீரென்று சிரித்தாள். சிரித்த பிறகுதான் நான் சொன்னது காதில் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது எதுவானாலும் எழுத வேண்டும் என்பது இபுகிக்கு விதி. பலகைப் பக்கம் திரும்பி எழுதினார். 'தலைமை அலுவலகம் இங்கே வருதல்.' கடைசி எழுத்தில் பேனா கிறீச்சிட்டது. அவர் திரும்பவேயில்லை.

தோதானி சிரிக்கவில்லை. கொட்டாவியையும் காணோம்.

"இதுக்கும் ஒத்திகை பார்த்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் இபுகி பலகையிடமே. "இது... தோணிடுச்சு."

"ம்" என்றார் தோதானி. பலகையை நெடுநேரம் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

வாசலில் சரக்கு லாரி வழியை அடைத்திருந்ததால், அவர் திரும்பிப் போக வந்த டாக்சி எதிர் மைதானத்தின் மறுகோடியில் நின்றது. வாசலுக்கு வந்தபோதுதான், குடை செய்யும் கம்பெனியில் விருந்தாளிக்குக் கொடுக்க ஒரு குடை இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. ஹொத்தா பின்கட்டுக்கு ஓடினாள். சாவி இபுகியின் பாக்கெட்டில் இருந்தது. அவர் சாவியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். தோதானியும் நானும் மஞ்சள் குடையும் மட்டும் நின்றோம். அவர் அதன் பிடியில் கையை வைத்தார். திட்டுகளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, எனக்குத் தலையசைத்துவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தார்.

கை நிறையக் குடைகளோடு மூச்சிரைக்க வந்த இபுகி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எடுக்கல! பார்த்தியா, மழையில போனாலும் போனாரே தவிர எடுக்கல! வேலை செய்யுது குமே!"

பாதி மைதானத்தில் தோதானி நின்றுவிட்டிருந்தார். டாக்சியின் கதவு தானாகத் திறந்து காத்திருந்தது. அவர் அதன் பக்கம் நகரவில்லை. கோட்டின் நனைந்த தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தோளை. என் கழுத்தில் அந்த முடித்துணுக்கு இன்னும் குத்திக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்காமல், டாக்சிப் பக்கமா எங்கள் பக்கமா, அவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.