ஆட்சேபிப்பவர் பெயர்

வெள்ளைக்காரத் துரை காலத்தில் எங்கள் தாலுகாவில் சண்டைகளை ஒரு மாதம் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். பதியாத சண்டை நடக்காது. பதிந்த சண்டை நடக்காமல் இருக்காது. பதியும் குமாஸ்தா நான்.

மாரியம்மன் ஊர்வலத்துக்கு லைசென்ஸ் படிவம் வந்தது. அதில் 'ஆட்சேபிப்பவர் பெயர்' என்று ஒரு கட்டம். எங்கள் ஊரில் சாமி பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளக்காரர்கள் நின்று வாசிப்பார்கள். என் எதிர்வீட்டு உதுமான் ராவுத்தர் தட்டோடு வந்து அவர்கள் வாயில் சர்க்கரை போடுவார். சர்க்கரைக்குப் படிவத்தில் இடமில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். மூன்று முறை திரும்பி வந்தது. இரண்டு மதத்தார் வாழும் ஊரில் ஆட்சேபணை இல்லாமல் இருக்க முடியாது, குமாஸ்தா சரியாக விசாரிக்கவில்லை என்று துரை சிவப்பு மையில் எழுதியிருந்தார். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

உதுமானிடம் போனேன். "ஒரு பேரு வேணும் மச்சான்."

"எம் பேரு சும்மாதான கெடக்கு, எழுதிக்க மாப்ளே" என்று சிரித்தார். குடிக்க மோரும் கொடுத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஊர்வலத்தன்று உதுமான் தட்டோடு வந்து வாயைத் திறந்தார். "மேற்படி மேளச் சத்தத்தை இதனால் ஆட்சேபிக்கிறேன்" என்று வந்தது. படிவத்தில் அவர் பெயருக்குக் கீழே நான் எழுதிய வாசகம், ஓர் எழுத்துப் பிசகவில்லை. அவர் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். மேளக்காரர்கள் கழிகளைத் திருப்பிப் பிடித்தார்கள். உதுமானுக்கு நெற்றியில் அடி. ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் மாப்ளே எழுதியிருக்கே?"

"சாயங்காலம் வரைக்கும்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே அந்தப் பெயரை ஒரு கோடு கிழித்து அடித்திருக்கலாம். அடித்தல் திருத்தலுக்குத் துரை கையெழுத்து வேண்டும். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருந்துவிட்டதில் அதைவிட வெட்கம். அடுத்த வருஷப் படிவத்தில் உதுமான் பெயர் அச்சிலேயே வந்தது. மேலே 'தொன்றுதொட்டு நிலவும் பகை' என்று தலைப்பு.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வாசல்களுக்கும் நடுவிலிருந்த தெரு அகலமாகிக்கொண்டே போனது. போன வாரம் சர்வே ஆட்கள் வந்து என் வாசலில் மைல்கல் நட்டார்கள். உதுமான் வீடு பதினேழு மைல். விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம். நான் கிளம்பவில்லை. பக்கத்து ஊர்ப் படிவம் ஒன்று, கட்டம் காலியாக, என் மேசையில் கிடந்தது.