நாற்பது பாட்டில், நாற்பது வரி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் பதிவெல்லாம் ஒரே ஒரு வெறும் எழுத்துக் கோப்பில்தான். ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு வரி. தெரு, தேதி, பிஎச், கடினத்தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நெடுங்கோடு. "எந்தப் பழைய கம்ப்யூட்டர்லயும் திறக்கும். இருபது வருஷம் கழிச்சும் படிக்கலாம்" என்பார் தலைமை ஆய்வாளர். அது சரிதான். ஆனால் கோடு ஒன்று தவறினால் குடி கெட்டது.

ஒருநாள் கெட்டது. தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் பிடித்து வரும் பாட்டில் அண்ணன், தட்டச்சு செய்கையில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டார். கடினத்தன்மைக்கான முந்நூற்றுப் பத்து, பிஎச் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆய்வாளர் எல்லார் முன்னாலும் பொரிந்து தள்ளினார்.

"பாட்டில் தூக்குற கைக்கு கீபோர்டு எதுக்கு?"

மறுநாளிலிருந்து மொத்தப் பதிவும் கூடத்துக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவுக்காரியின் தலையில் விழுந்தது. வேலை கூடியதைவிட அந்தப் பேச்சுதான் அவளை உறுத்தியது. எந்தத் தெருவில் எந்தக் குழாய் துருப்பிடித்தது என்பது பாட்டில் அண்ணனுக்கு அத்துப்படி. அவருக்குத் தெரியாதது அந்தக் கோடுகள் மட்டும்தான்.

கோப்பைத் திறக்கிற எடிட்டர் மென்பொருளின் உதவிப் பக்கங்களை அவள் புரட்டினாள். அட்டவணைக்கு ஒரு படிவம் செய்து வைக்கலாம், படிவத்தில் நிரப்பியது தானாக ஒரு வரியாகிக் கோப்பில் விழும் என்று அதில் இருந்தது. இரண்டு வாரம் மதிய இடைவேளை அதிலேயே போயிற்று. ஒரு கையில் சோறு, ஒரு கை கீபோர்டில். முதலில் வரி தலைப்புக்கு மேலே போய் ஏறிக்கொண்டது. அப்புறம் நீளமான தெருப் பெயர் வந்ததும் அட்டவணையே கோணிக்கொண்டது. "உன்னை விடறதா இல்ல" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். விடவும் இல்லை.

"அண்ணே, கோட்டப் பத்தி இனிமே நீங்க கவலைப்பட வேணாம்" என்று அவரை அழைத்து உட்கார வைத்தாள். "கேக்குற கேள்விக்குப் பதில் போட்டா போதும். தெருப் பேரு பட்டியல்லயே இருக்கு."

"தப்பா அடிச்சா என்ன பண்ணும், தங்கச்சி?"

"திரும்பக் கேக்கும். சத்தம் போடாது."

அவர் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் நாற்பது பாட்டிலையும் ஏற்றிவிட்டார். ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். எல்லாக் கோடுகளும் நூல் பிடித்தாற்போல் நின்றன. அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"கொஞ்சம் நகருங்க, நான் ஒண்ணு போட்டுப் பாக்குறேன்."

பிஎச் கட்டத்தில் 71 என்று அடித்தார். 'பிஎச் 0 முதல் 14 வரைதான், மறுபடி பாருங்கள்' என்றது படிவம். முகத்தைச் சுளித்து மறுபடியும் 71 அடித்தார். மறுபடியும் அதே பதில்.

"சார், புள்ளி விட்டுப் போச்சு. 7.1" என்றார் பாட்டில் அண்ணன், மெதுவாக. "எனக்கும் காலையில ரெண்டு தடவ சொல்லிச்சு."

ஆய்வாளர் புள்ளியை வைத்தார். வரி கோப்பில் ஒழுங்காகப் போய் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாட்டில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு."

பிறகு, "இத யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

'சும்மா ஒரு சின்ன வேலை சார்' என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். இந்த முறை நாக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

"நான்தான் சார். முழுசா நானே செஞ்சது."

அடுத்த வாரம் வேறு இரண்டு கூடங்களிலிருந்து அந்தப் படிவம் வேண்டும் என்று கேட்டார்கள். "அனுப்பி வைக்கிறதா? எங்க பதிவாளரே நேர்ல வந்து போட்டுத் தருவாங்க" என்று ஆய்வாளர் போனில் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

அவள் வீட்டுக்காரருக்குச் சேதி தெரிந்ததும் தன் தங்கையைப் போனில் கூப்பிட்டுவிட்டார். "கம்ப்யூட்டரையே கேள்வி கேக்க வச்சிருக்கா, உன் அண்ணி!"

நாத்தனார் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னாள். "அப்படி என்ன செஞ்சீங்க அண்ணி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தாள்.