துணி டாங்கிக்கு ஆள் போட்ட கதை

கூடாரம் தைக்கிற பட்டறையில் நாங்கள் பதினாறு பெண்கள். போர் வந்ததும் டாங்கி தைக்கச் சொன்னார்கள். மூங்கில் சட்டத்தில் கான்வாஸை இழுத்துக் கட்டிப் பச்சை அடித்தால், மேலே பறக்கிற விமானத்துக்கு அசல் டாங்கிதான். கிட்டப் போய் ஒரு ஆடு முட்டினால் சாய்ந்துவிடும். முப்பதை ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். எதிரி அங்கே குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது நம் நிஜ டாங்கிகள் மலைப்பக்கமாகப் போகும்.

எனக்கு வாய் நீளம். வேலையைப் பார்க்க வந்த பட்டாளக் கேப்டனிடம் சும்மா இருக்காமல் கேட்டேன்: "டாங்கி நிக்குது, சரி. ஓட்டுறவன் எங்க சார்? கொடியில ஒரு பனியன்கூடக் காயல. எதிரி என்ன கேனப்பயலா?"

அவர் சிரிக்கவில்லை. "ஆள் போடணும்" என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து மிஷினில் தைக்கிற கத்திரி அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளும் பட்டாளத்தில். மூத்தவனுக்குப் போர்முனைக்கு உத்தரவு வந்திருந்தது. ஓடிப்போய்க் கேப்டன் காலில் விழுந்தாள். "அவனை அந்த ஆத்தங்கரை முகாம்ல துணி தொவைக்கப் போடுங்க சாமி. சண்டையே இல்லாத இடம்."

போட்டார். "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி" என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

குண்டு விழத்தான் அந்த முகாம் என்று தைத்த எங்களுக்குத் தெரியாதா? தெரியும். டாங்கிமேல் விழும் என்று நினைத்தோம். துணிக்கொடியடியில் நிற்கிறவனை நினைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கேப்டன் வந்தார். "திட்டம் பலிச்சிருச்சு. எதிரி மொத்தக் குண்டையும் அங்கயே கொட்டிட்டான்."

"என் பிள்ளை?"

"உன் பிள்ளை டாங்கி ஓட்டினவன். அப்படித்தான் சொல்லணும். சந்தையில எதிரியோட ஆளுங்க காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க. போய் அழு. டாங்கியெல்லாம் போச்சேன்னு அழு."

"உடம்பையாவது காட்டுங்க சாமி..."

"அப்புறம் பாக்கலாம். சின்னவனை எங்க போடுறதுன்னு நான்தானே எழுதணும்?"

அக்கா எழுந்தாள். கைத்தாங்கலாக நான்தான் சந்தைக்குக் கூட்டிப் போனேன். காய்க்கடை நடுவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"டாங்கி ஓட்டப் போனியேடா ராசா!"

கூட்டம் கூடியது. அவள் மண்ணில் அறைந்தாள்.

"தொவைக்கத்தானேடா உன்னை..."

சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். பொத்திக்கொண்டே, "ஐயோ, முப்பது டாங்கியும் போச்சே!" என்று அவளைவிடச் சத்தமாக அழுதேன்.