ஈரக்குலை

ஆட்டை உரித்து, ஈரலும் இருதயமும் நுரையீரலும் ஒன்றாகத் தொங்கும் ஈரக்குலையைக் என் கறிக்கடைக் கொக்கியில் மாட்டினால் போதும், யோர்கோஸ் வந்துவிடுவான். செங்கம் ரோட்டில் வாடகை அறையில் இருந்த கிரேக்க தேசத்துக்காரன். ஆசிரமத்துக்குப் போகிறவன், கறி தின்னமாட்டான். ஒவ்வொன்றாகக் காட்டி, "இது பேர் என்னங்க, பாய்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வான். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். எழுதுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. வரிக்காரன் எழுதுகிறான், கோர்ட்டுக்காரன் எழுதுகிறான். எழுதியவர்களால் எனக்கு ஒரு நல்லதும் நடந்ததில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இதெல்லாம் இன்னாத்துக்குய்யா உனுக்கு?"

"எங்க பழைய பாஷையில இது எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேருங்க. ஸ்பிளாங்க்னா. சாமிக்கு ஆடு வெட்டினா இதைத்தான் முதல்ல சுட்டு, கிட்ட நிக்கிறவங்க பங்கு போட்டுத் தின்பாங்க. கோபம் வர்ற இடமும் இதுதான். பெத்த புள்ளையையும் அப்படிச் சொல்லுவாங்க. பின்னால வந்தவங்க இரக்கத்துக்கும் அதே பேரை வெச்சாங்க."

பக்ரீத்துக்கு நாங்களும் ஈரலைத்தான் முதலில் வாயில் வைப்போம் என்றேன். ஈரக்கொலை பதறுது என்று என் வீட்டுக்காரி பீபி ஜான் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள் என்றேன். அவன் குழந்தை மாதிரி குதித்தான். அதையும் எழுதிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

அப்போது எமர்ஜென்சி. கறி வாங்க வந்த ஏட்டு இருசப்பன், "எலும்பா அள்ளிப் போடாத பாய். ஆமா, அந்த வெள்ளைக்காரன் இங்க இன்னா பண்றான்?" என்று கேட்டார்.

"தெனம் வந்து எழுதறான் ஏட்டய்யா. ரோட்டுல போற லாரியக்கூட எண்ணி எழுதறான். எவன் கண்டான்?"

லாரி நானாகச் சேர்த்தது. அவன் ஒரு நாளும் ரோட்டுப் பக்கம் திரும்பியதில்லை. ஏன் சொன்னேன்? ஏட்டு அன்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். என் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் யோர்கோஸ் வந்தான். கண் சிவந்திருந்தது.

"ரெண்டு நாள்ல ஊரை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அது பரவாயில்ல. நோட்டைப் புடுங்கிக்கிட்டாங்க. நாலு வருஷம் எழுதினது. நீங்க ஸ்டேஷனுக்கு வந்து, இது ஆட்டோட உறுப்புங்க பேருதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பாய். நீங்க சொன்னா நம்புவாங்க."

யார் சொல்லி இது நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. நான் போனால், நீதானேய்யா சொன்னே என்று ஏட்டு அவன் எதிரிலேயே கேட்பார்.

"கடையை வுட்டுட்டு எப்படி வர்றது? ஏவாரம் கெட்டுடும்" என்றேன்.

கடையில் ஓர் ஆள்கூட இல்லை. கறி விற்றுத் தீர்ந்து, வெட்டுக்கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் கட்டையைப் பார்த்தான். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். "சரிங்க பாய்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

பீபி ஜான் விடவில்லை. "ஏங்க, போயி ஒரு வார்த்தை சொன்னா உங்க தலையில இருக்கிற கிரீடம் கீழ வுழுந்துடுமா?" லாரியைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. பத்து வருடமாகியும் சொல்லவில்லை.

அவன் பஸ் ஏறிய மறுநாள்தான் போனேன். என் லட்சணம் அது. நோட்டையாவது கேட்டு வாங்கி, அவனுக்கு அறை விட்டவரிடம் விலாசம் வாங்கித் தபாலில் போட்டுவிடலாம் என்று நினைப்பு. லாரி பொய் என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே சோடாக் கடையில் நின்றேன். ஒரு சோடா குடித்தேன். இன்னொன்று குடித்தேன். வயிறு உப்பியது. ரோட்டை மட்டும் தாண்டவில்லை.

ஏட்டு வெளியே வந்தார். "இன்னா பாய், சவுக்கியமா?" என்று அந்தப் பக்கமிருந்தே கையைத் தூக்கினார்.

நானும் தூக்கினேன். அவர் சைக்கிள் ஏறித் தெருமுனையில் திரும்பிய பிறகும் என் கை இறங்கவில்லை. அதைப் பார்த்த கடைக்காரன் மூன்றாவது பாட்டிலை எடுத்து, கோலியை உள்ளே அழுத்தினான்.